விலாச ஆபீஸ் அக்காவின் பொய்க் கடிதங்கள்

அவர் எழுதிய கடிதங்களில் முக்கால்வாசி பொய். அத்தனை பொய்யும் எங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே வந்து சேரும். அவரே எழுதுவார், அவரே ஒட்டுவார், பெங்களூர்ப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்வார். நாலாம் நாள் அது திரும்பி வந்ததும், ஒன்றும் அறியாதவர் மாதிரி மற்றக் கடிதங்களோடு கலந்து மேசையில் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். இந்த அழகில் நான் அவருக்கு மேலதிகாரி.

எண்பதுகளின் நடுப்பகுதி. பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையை ஒட்டினாற்போல் எங்களுக்கு இரண்டு அறை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வேலை தேடி பெங்களூருக்கும் கோலாருக்கும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரு கட்டடம் முடிந்தால் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு அடுத்த கட்டடம். இங்கே இருக்கும் குடும்பத்துக்கு விலாசம் தெரியாது. மாதா கோயிலுக்கு வந்து, "எம் பையன் எங்க இருக்கான்னே தெரியலீங்க சாமி" என்று நிற்பவர்கள் அதிகமானதும் எங்கள் பங்குச் சாமியார் இந்த ஆபீஸைத் தொடங்கினார். வெளியூரில் இருப்பவர்கள் எங்களுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். விலாசத்தைக் கார்டில் எழுதிப் பெட்டியில் அடுக்குவோம். வீட்டார் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்போம். ஆபீஸுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் விலாச ஆபீஸ் என்றார்கள்.

சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, லத்தீனும் நானும் ஒத்துப்போகாமல் திரும்பிவந்த என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். பொய்க் கடிதம் எழுதுகிற அவர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து பொம்மிடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கணவர் ரயில்வேயில் கேங்மேன். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றேன். அவர் என்னை சார் என்றார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் வருவதற்கு முன்னால் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். கடிதத்தின் அடியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அனுப்பியவர் என்று ஒரு விதி வைத்திருந்தேன். படித்தவன் போட்ட விதி. கட்டட ஷெட்டில் இருக்கும் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்த ஒருவன்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பான், முடிவில் "இக்கடிதம் எழுதியவர் க. சின்னசாமி" என்று வளைத்து வளைத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வான் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அக்கா வேலைக்கு வந்த முதல் வாரம் கார்டுப் பெட்டியைக் குடைந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தச் சின்னசாமி குடுத்து வெச்சவருங்க."

"ஏன்?"

"பொம்மிடில ஒரு ஆத்தா, பாப்பாரப்பட்டில ஒரு ஆத்தா, கம்பைநல்லூர்ல மூணு ஆத்தா. பத்தொம்பது கார்டு எண்ணிட்டேனுங்க. இன்னும் பெட்டி பாதி பாக்கி இருக்குது."

அன்றைக்கு மதியச் சோற்றை விட்டுவிட்டு மீதிப் பெட்டியை நானே எண்ணினேன்.

அடுத்த வாரமே பக்கத்துக் கடையிலிருந்து பழைய சைக்கிள் ஸ்போக்குகளை வாங்கிவந்து, வளைத்து, சுவரில் ஒரு பலகை அடித்து ஐந்து கொக்கிகள் மாட்டினார். வருகிற கடிதம் எதுவானாலும் இந்த ஐந்திலும் தொங்கி இறங்கிய பிறகுதான் பழைய கடிதக் கட்டோடு சேரும். முதல் கொக்கியில் தொங்கும்போது கேட்க வேண்டியது, அனுப்பியது யார், எழுதிக் கொடுத்தது யார். இரண்டாவதில் விலாசம், தபால் முத்திரையோடு அது ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது கொக்கி கடிதத்துக்குள் வரும் மற்றவர்களுக்காக. "நம்மூரு மாதுவும் என்கூடத்தான் இருக்கான்" என்று ஒருவன் போகிறபோக்கில் எழுதியிருப்பான். அந்த மாதுவின் வீட்டார் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாலாவதில், இவரை யாராவது தேடுகிறார்களா என்று நோட்டைப் புரட்டுவது. ஐந்தாவது கொக்கிக்கு அவர் வைத்த பெயர் சொல்லாதே. என் விலாசத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறவர்களின் கடிதம் அதில் நிற்கும். ஆண்டவனே வந்து கேட்டாலும் அதை எடுத்துக் கொடுக்கக்கூடாது.

நல்ல ஏற்பாடு என்று நானும் பாராட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "மாட்டிட்டாப் போதுங்களா சார்? புடிக்குதான்னு பாக்க வேணாமா?" என்றார். அங்கே ஆரம்பித்தது பொய்க் கடிதம்.

ஒவ்வொரு பொய்க் கடிதத்தையும் ஏதாவது ஒரு கொக்கியை ஏமாற்றுவதற்கென்றே எழுதுவார். ஒன்றில் மூன்று முருகேசன்கள் ஒரே ஷெட்டில் இருந்தார்கள், மூன்று பேருக்கும் அப்பா பெயர் மாரியப்பன். இன்னொன்றில் முதல் வரியில் ஒரு விலாசம், கடைசி வரியில் "அந்த எடம் காலி பண்ணியாச்சு" என்று ஒரு சேதி. ஒன்றை எழுதியது மனைவி, பேசியது கணவன், நடுவில் மாமியார் இரண்டு வரி திட்டியிருந்தார். கார்டு எழுத எங்களோடு இருந்த பிலோமினா அந்த மாமியாருக்கும் ஒரு கார்டு போட்டுவிட்டாள். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா, ஓட்டை அகப்பட்டுச்சு!" என்று கை தட்டினார். தப்பு நடந்தால் மற்றவர்கள் வருந்துவார்கள். இவருக்குத் தப்பு அகப்பட்டால்தான் அன்றைக்கு விடிந்த மாதிரி. சோதனை முடிந்ததும் பொய்க் கார்டைத் தேடி எடுத்து, தன் கையாலேயே கிழித்துப்போடுவார்.

இந்தப் புத்தி ஆபீஸோடு நிற்கவில்லை. ஆபீஸுக்கு ஒரு பூட்டு வாங்கினோம். பூட்டிவிட்டு, தன் வீட்டுச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் கடைக்காரர் சாவி என்று ஏழெட்டுச் சாவிகளை அதில் விட்டுப் பார்த்தார். பீரோ சாவிக்குத் திறந்துகொண்டது. பூட்டு விற்ற கடைக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் வணக்கம் வைப்பதை நிறுத்திக்கொண்டார். "நல்லா இருக்கும்போதே ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக்கணுங்க. ஒடஞ்சப்பறம் யாரு வேணா கண்டுபுடிப்பாங்க" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

அவர் கல்யாணக் கதையைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பெண் வாயாடி, கோபக்காரி, ஒரு வேலையும் உருப்படியாகத் தெரியாது, வேண்டாம் என்று. எழுதியது வேறு யாருமில்லை, மணப்பெண்ணேதான். மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நிச்சயத்துக்கு வந்தார்.

"ஒண்ணுமே கேக்கலியா?"

"கேட்டாருங்க. 'கையெழுத்து அழகா இருக்குது, எழுதுனவங்க கெடைப்பாங்களா?'ன்னு."

சொல்லிவிட்டு அக்கா வெட்கப்பட்டதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். அன்றாடம் சோதிக்கப்படுகிறவனுக்கு அல்லவா தெரியும் கஷ்டம். பிலோமினா மாட்டினால் ஒரு சிரிப்போடு போகும். செயலாளர் மாட்டினால் அது பங்குச் சாமியார் காது வரைக்கும் போகும். மூன்று மாதத்தில் நாலு தடவை மாட்டினேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி ஒரு பொய்க் கடிதத்தை உறையைப் பிரிக்கும்போதே கண்டுபிடித்து இவர் மூக்கை உடைக்கவில்லை என்றால் நான் ஆம்பிள்ளை இல்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன். முப்பத்தோரு வயசில் போடக்கூடிய சபதமா அது!

அந்த நாட்களில் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி புதன்கிழமைதோறும் வருவார். வந்து, எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். "உங்க ஆபீசுக் கடியாரந்தான் கரெக்டா ஓடுதுங்க" என்பார். அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார். கடிகாரத்தைச் சரிசெய்ய அவ்வளவு தூரம் பஸ் பிடித்து யார் வருவார்கள்? விஷயத்தை அவர் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார். ஒரே மகன். பம்ப்செட் மோட்டாரை நானே ரிப்பேர் செய்கிறேன் என்று கழற்றி மாட்டி எரித்துவிட்டான். களத்தில் நாலு பேர் பார்க்க இவர் அவனை அடித்துவிட்டார். அவன் அன்றைக்கே போய்விட்டான், மூன்று வருடமாகப் பேச்சு மூச்சு இல்லை. "எம் பையனத் தேடிக் குடுங்க" என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. அக்கா தானாகவே தேடுவோர் நோட்டில் அந்த மகனின் பெயரை ஏற்றிவைத்திருந்தார்.

ஒரு ஐப்பசி மாதம் அக்கா ஒரு வாரம் லீவு போட்டுப் பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனார். தபாலை நானே பிரித்தேன். மூன்றாம் நாள் ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. அடியில் பெயர் இல்லை. "கம்பைநல்லூர்ப் பக்கம் மோட்டாரை எரித்துவிட்டு வந்தவன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம்" என்று நாலு வரி. மடிப்பில் விலாசம். பெங்களூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு வைண்டிங் கடை. தபால் முத்திரையோ ஜோலார்பேட்டை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெயர் இல்லை, முதல் கொக்கிக்குப் பொறி. விலாசம் ஓரிடம், முத்திரை வேறிடம், இரண்டாவது கொக்கிக்குப் பொறி. நோட்டில் இருக்கிற ஆளையே கொண்டுவந்து ஐந்தாவது கொக்கியில் நிறுத்தியாயிற்று. போதாததற்கு மோட்டாரை எரித்தவன் மோட்டார்க் கடையிலேயே வேலை பார்க்கிறானாம்! அக்கா ஜோலார்பேட்டை வழியாகத்தான் பெங்களூர் போனார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்காவேதான் சார்" என்று அவளும் சத்தியம் செய்தாள்.

அந்தக் கடை அக்காவின் தம்பிக்குத் தெரிந்த இடமாகத்தான் இருக்கும், பதில் அவர் கைக்கே போகும் என்று நினைத்து, மகனுக்கு எழுதுகிற தோரணையிலேயே உடனே அந்த விலாசத்துக்குப் பதில் எழுதினேன். "நாடகம் போதும். அப்பா முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது. கோளாறு இருப்பது மண்டையில்தான். இங்கே வேலை மலை மாதிரி கிடக்கிறது. கடிதம் எழுதி விளையாடியது போதும், வந்து வேலையைப் பார்." எழுதிய கையோடு தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டுவந்து ஒரு ஸ்பெஷல் டீ குடித்தேன்.

அக்கா திங்கட்கிழமை வந்தார். நான் மேசைமேல் பெருமையாக விரித்துவைத்திருந்த கடிதத்தை நின்றுகொண்டே படித்தார்.

"யாரு கடுதாசிங்க சார் இது?"

"நடிக்காதீங்கக்கா. உங்களுதுதான்."

"நான் எழுதலீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பி முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஜோலார்பேட்டைங்க. பெங்களூர்ல இருக்கறவன் அங்க வந்து எதுக்குத் தபால் போடுறான்? வூட்டுக்குப் பொறப்பட்டு வந்திருக்கான் சார். பாதி வழில மனசு வராம எறங்கி, இத எழுதிப் போட்டுட்டுத் திரும்பிப் போயிருக்கான்." பிறகு மெதுவாக, "நீங்க பதில் போட்டீங்களா?" என்றார்.

என்ன எழுதினேன் என்று வரி தப்பாமல் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏனு மாடோது" என்றார். என்ன செய்வது என்று கன்னடத்தில் கேட்டுக்கொள்கிறார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாந்தாங்க காரணம். பொய்யாவே எழுதி எழுதி, நெசம் வந்தப்ப உங்களுக்கு அடையாளம் தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு கேவலமாக நான் என்னை அதற்கு முன் உணர்ந்ததில்லை.

மூன்று முருகேசன்களை அனாயாசமாக உண்டாக்கியவர், அன்றைக்கு ஓர் உண்மைக் கடிதம் எழுதப் பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். நாலு இன்லண்ட் வீணாயிற்று. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினார். முன்பு வந்த பதில் உங்களுக்கு எழுதியது அல்ல, எங்கள் செயலாளர் உங்கள் கடிதத்தை என் விளையாட்டு என்று நினைத்துவிட்டார், உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள் சொல்லாமல் சொல்லவும் மாட்டோம் என்று.

பதில் வரவில்லை. மறுவாரப் புதன்கிழமை வந்தது, விவசாயியும் வந்தார். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அக்காவை உள் அறைக்குக் கூப்பிட்டேன்.

"சொல்லிடலாங்கா. அந்த மனுசன் நம்ம கண்ணு முன்னால உக்காந்திருக்காரு. விலாசம் நம்ம மேசைல இருக்குது. இது என்ன நியாயம்?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? அவன் சொல்லாதீங்கன்னு நம்பித்தான சார் எழுதியிருக்கான். ஒருக்கா நம்பி எழுதுனதுக்கு நீங்க திட்டி அனுப்புனீங்க. இப்ப நான் காட்டியும் குடுக்கட்டுங்களா?"

"அஞ்சாவது கொக்கி, அஞ்சாவது கொக்கின்னு கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டேன். வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. விவசாயி எழுந்து போய்விட்டிருந்தார். இப்படியே மூன்று புதன்கிழமைகள். நானும் அக்காவும் வேலைக்கு வேண்டிய பேச்சு தவிர வேறு பேசவில்லை. அந்த மூன்று வாரமும் அக்கா ஒரு பொய்க் கடிதம்கூட எழுதவில்லை.

பிறகு மகனின் கடிதம் வந்தது. இந்தத் தடவை அடியில் பெயர் இருந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "உங்கள் முதல் கடிதத்தை அப்பாதான் சொல்லி எழுதவைத்தார் என்று நினைத்தேன். அவர் பேசுகிற மாதிரியே இருந்தது. வந்து வேலையைப் பார் என்று படித்துவிட்டு அழுதேன். மறுநாள் புறப்பட டிக்கெட்கூட எடுத்தேன். அன்றைக்குத்தான் அது அப்பா இல்லை என்று உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. டிக்கெட்டைக் கிழித்துப்போட்டேன். இனி மறைக்க வேண்டாம், விலாசத்தை அவரிடம் கொடுங்கள். அவரே அப்படி ஒரு தடவை திட்டினால் வருகிறேன்."

அக்கா கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். "நான் நெசத்த எழுதாம இருந்திருந்தா அவன் வூட்டுக்கு வந்திருப்பானுங்க" என்றார். "வந்திருப்பான், வந்து அப்பா எழுதலன்னு தெரிஞ்சா மறுபடியும் போயிருப்பான்க்கா" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான் நம்பியதைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

பொய்க் கடிதத்தை அவர் அதன் பிறகும் விடவில்லை. ஆனால் ஒன்று அனுப்பினால் அன்றைக்கே அதை ஒரு சீட்டில் குறித்து, என் மேசையில் கவிழ்த்துவைத்துவிடுவார். சீட்டைத் திருப்பாமல் எந்தக் கடிதத்தையும் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அடுத்த புதன்கிழமை, விவசாயி கடிகாரத்தைத் தொடுவதற்கு முன்பே அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "உங்க பையன் விலாசம் வந்திருக்குதுங்க" என்றார். "நான் கேக்கலியே" என்றார் அவர், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு. பிறகு துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "எழுதுங்கம்மா, நான் சொல்றேன்."

அந்தக் கடிதம் போன ஆறாம் நாள் மகன் வந்து இறங்கினான். எதற்காக வந்தான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், விவசாயி சொல்லச் சொல்ல அக்கா எழுதியபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கால்மணி நேரம் திட்டினார். மோட்டாரைத் திட்டினார், மகன் புத்தியைத் திட்டினார், மூன்று வருடமாகக் கடிதம் போடாத கையைத் திட்டினார். அக்கா ஒன்றைக்கூட விடாமல் எழுதினார். தாள் நிரம்பி, மடிப்பில் ஓரிடம்தான் பாக்கி.

"முழங்காலப் பத்திக் கேட்டிருந்தானுங்க" என்றார் அக்கா.

"நல்லா இருக்குதுன்னு எழுதுங்க."

அக்கா எழுதப் போனார்.

"இருங்க. வேணாம்." காலை நீட்டி, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுன்னு எழுதுங்க."